சாக்ஸ் வித்தார், ஜாம் காய்ச்சினார், டிவி காட்டினார்... ஜான் லோகி பெயர்டின் கதை!

ரீல்ஸ் பார்க்கும்போது போனை எப்படிப் பிடிப்பீங்க? நிமிர்த்தி, நேரா. சினிமா, டிவி எல்லாம் அகலப் படம், போன் வந்தபிறகுதான் படம் உயரமாச்சுன்னு நாம நினைச்சுட்டிருக்கோம். ஆனா, பிரிட்டனில் வீடுகளுக்கு முதன்முதலா வந்த டிவி படமே உயரப் படம்தான். அகலம் 3 பங்குன்னா உயரம் 7 பங்கு. அந்தப் படம் தெரிஞ்ச திரையும் உங்க போனைவிடச் சின்னது.

அந்தச் சோதனை ஒளிபரப்புக்குப் பின்னால இருந்தவர் ஜான் லோகி பெயர்டு. ஸ்கூல்ல ஒரு மார்க் கேள்வியா வந்துட்டுப் போயிருப்பார். இன்டர்நெட் இல்லாமலே கோபுரத்திலிருந்து நேரா போனுக்கு டிவி அனுப்பும் டைரக்ட் டு மொபைல் சோதனைகளை நம்ம பிரசார் பாரதி செஞ்சு பார்க்கிற காலம் இது. ஒரு சோதனை ஒளிபரப்பு ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்னு தெரிஞ்சுக்க, இவர் வாழ்க்கை நல்ல உதாரணம்.

பெயர்டு பிறந்தது 1888-ல், ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோவில். அப்பா பாதிரியார். சின்ன வயசிலிருந்தே நோஞ்சான் உடம்பு. சளி, காய்ச்சல், எப்பவும் சில்லுன்னு இருக்கும் கால்கள். ஆனா சேட்டைக்குக் குறைச்சல் இல்லை. வீட்டிலேயே ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அமைச்சு, எதிர்ப்புறம் இருந்த நண்பர்கள் வீடுகளுக்கெல்லாம் தெரு மேல ஒயர் இழுத்தார். ஒருநாள் புயல் காத்துல தாழ்ந்து தொங்கின ஒயர், குதிரை வண்டிக்காரர் ஒருவரைத் தட்டிவிட்டது. எக்ஸ்சேஞ்ச் அத்தோடு குளோஸ்.

கிளாஸ்கோவில் இன்ஜினீயரிங் படிச்சார். அங்கே அவரோடு படிச்சவர்களில் ஜான் ரீத்னு ஒருவர். இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வருவார்.

முதல் உலகப்போருக்கு உடம்பு லாயக்கில்லைன்னு ராணுவம் திருப்பி அனுப்பிடுச்சு. மின்சார கம்பெனியில வேலைக்குச் சேர்ந்தவர், கார்பனுக்குள்ள ஏகப்பட்ட மின்சாரம் பாய்ச்சினா வைரம் வரும்னு நம்பினார். வைரம் வரலை, ஊரில் கரன்ட்தான் போச்சு. அப்புறம், தன் சில்லிட்ட கால்களுக்காகவே ஒரு உள் சாக்ஸ் தயாரிச்சு வித்தார். அது நல்லாவே ஓடுச்சு. அந்தக் காசோடு டிரினிடாட் தீவுக்குக் கப்பலேறி ஜாம் தொழிற்சாலை வெச்சார். கொதிக்கிற சர்க்கரைப் பாகைத் தேடி பூச்சிப் படையே வந்து விழ, வியாபாரம் படுத்துடுச்சு. லண்டனுக்குத் திரும்பி சோப்பு வித்தார். 35 வயசு நெருங்கும்போது கையில வேலையும் இல்லை, உடம்பும் இல்லை. ஹேஸ்டிங்ஸ் கடற்கரை ஊருக்கு ஓய்வெடுக்கப் போனார். டிவி வேலை தொடங்கினது அங்கேதான்.

ஐடியா அவருடையது இல்லை. ஜெர்மானியர் பால் நிப்கோவ் 1884-லேயே ஒரு தட்டுக்கு காப்புரிமை எடுத்திருந்தார். வட்டத் தட்டில் சுருள் வரிசையா ஓட்டைகள். தட்டு சுத்தும்போது ஒவ்வொரு ஓட்டையும் முகத்தின் மேல ஒரு கோடு இழுத்த மாதிரி நகரும். அந்தக் கோட்டில் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டுங்கிறதை மின்சாரமா மாத்தி அனுப்பணும். மறுமுனையில் அதே வேகத்தில் இன்னொரு தட்டு சுத்தினா படம் திரும்பக் கிடைக்கும். இதைப் பேப்பரிலிருந்து நிஜத்துக்குக் கொண்டுவரத்தான் 40 வருஷமா யாராலும் முடியலை.

பெயர்டுக்கு லேப் கிடையாது. டீ பெட்டி, தொப்பி வைக்கும் அட்டைப்பெட்டி, தையல் ஊசி, சைக்கிள் விளக்கின் லென்ஸ், அரக்கு, பசை... இதெல்லாம்தான் சாமான்கள். ஒருமுறை ஷாக் அடிச்சுத் தூக்கி வீசப்பட்டார். இடத்தின் ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டார். லண்டன், சோஹோ பகுதியின் ஃப்ரித் தெருவில் 22-ம் எண் கட்டடத்து மாடிக்கு ஜாகை மாறியது.

1925 அக்டோபர் 2. விளக்குகளின் வெப்பத்தை மனுஷ முகம் தாங்காதுங்கிறதால, ஸ்டூக்கி பில்னு பேர் வெச்ச ஒரு பொம்மைத் தலையைத்தான் அதுவரை காட்டிட்டிருந்தார். அன்னிக்கு பொம்மையின் கண்ணும் மூக்கும் சாம்பல் நிழல்களோட தெளிவா வந்துடுச்சு. கீழ்த்தள ஆபீஸுக்கு ஓடி, வில்லியம் டெய்ன்டன்கிற 20 வயசுப் பையனை இழுத்துட்டு வந்து உட்கார வெச்சார். சூடு தாங்காம பையன் முகத்தைத் தள்ளி வெச்சுக்க, திரை காலி. கையில அரை கிரவுன் நாணயத்தைத் திணிச்சு மறுபடியும் உட்கார வெச்சார். முகம் வந்துடுச்சு! டிவியில தலைகாட்ட முதல் சம்பளம் வாங்கினவர் டெய்ன்டன்தான்னு சொல்லலாம்.

அடுத்து எல்லாமே வேகம். 1926 ஜனவரியில் ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்களுக்குக் காட்டினார். 1927-ல் லண்டனிலிருந்து 438 மைல் தள்ளி கிளாஸ்கோவுக்கு டெலிபோன் லைனில் படம் போச்சு. 1928-ல் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் பக்கம். அதே வருஷம் கலர் டிவியும்!

இனிமே வேண்டியது ஒலிபரப்புக் கோபுரம். அது பி.பி.சி கையில. அதன் தலைமையில் இருந்தவர், பழைய காலேஜ்மேட் ஜான் ரீத். சுலபமா கதவு திறந்திருக்கும்னு நினைப்பீங்க. இல்லை. பி.பி.சி பிடிகொடுக்கவே இல்லை. ரேடியோ லைசென்ஸ் அதிகாரம் வெச்சிருந்த தபால் துறை தலையிட்டபிறகுதான் 1929 செப்டம்பர் 30 அன்று சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. கிடைச்சது ஒரே டிரான்ஸ்மிட்டர். அதனால படமும் சத்தமும் சேர்ந்து போக முடியாது. ரெண்டு நிமிஷம் பாடகர் வாயசைப்பார், சத்தம் வராது. அடுத்த ரெண்டு நிமிஷம் பாட்டு வரும், படம் இருக்காது! அரை வருஷம் இப்படித்தான் ஓடுச்சு. 1930 மார்ச்சில்தான் ரெண்டாவது டிரான்ஸ்மிட்டர் கிடைச்சு ரெண்டும் சேர்ந்தது.

படத்துக்கு மொத்தமே 30 கோடுகள். நியான் விளக்கின் ஆரஞ்சு வெளிச்சத்தில் ஒரு முகம் நடுங்கிட்டே தெரியும். ஒரு ஆள் நின்னா முழுசா அடங்கணும்னுதான் உயரமான சட்டகம். முகம் தெளிவாத் தெரிய நடிகர்களுக்கு வெள்ளை பூசி, உதட்டையும் புருவத்தையும் கருப்பா வரைவாங்க. ஆனாலும் ஜனங்க பார்த்தாங்க. பலர் தாங்களே தட்டு வெட்டி, மோட்டார் மாட்டி டிவி செஞ்சுக்கிட்டாங்க. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச மனுஷங்க இவங்கதான்.

ஆனா, பெரிய பரீட்சை 1936-ல் வந்தது. லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பி.பி.சி முறையான டிவி சேவையைத் தொடங்க, அரசாங்கம் ரெண்டு தொழில்நுட்பங்களை மோதவிட்டது. ஒரு வாரம் பெயர்டு கம்பெனியின் 240 கோடு, மறுவாரம் மார்க்கோனி-ஈ.எம்.ஐ-யின் 405 கோடு. நவம்பர் 2-ம் தேதி தொடக்க விழாவில் பெயர்டுக்கு மேடையில் இடமில்லை. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பேர் தாங்கிய கம்பெனியிலேயே அதிகாரம் வேற கைகளுக்குப் போயிருந்தது.

எதிரணியின் கேமரா முழு எலெக்ட்ரானிக். எங்கே வேணும்னாலும் நகர்த்தலாம். பெயர்டு கம்பெனியின் முக்கிய கேமராவோ முதல்ல ஃபிலிமில் படம் பிடிச்சு, அங்கேயே கெமிக்கலில் கழுவி, ஒரு நிமிஷம் கழிச்சு ஒளிபரப்பும். இடத்தைவிட்டு அசையாது. அதே மாதக் கடைசியில் கிரிஸ்டல் பேலஸ் தீப்பிடிச்சு, அங்கிருந்த கம்பெனியின் ஆய்வுக்கூடங்களும் சாம்பலாச்சு. 1937 பிப்ரவரியில் தீர்ப்பு: இனி 405 கோடு மட்டும்.

உண்மையைச் சொன்னா, அந்தத் தீர்ப்பு சரியானதுதான். சுழலும் தட்டால அதுக்கு மேல ஓட முடியாது. பெயர்டே அதைப் புரிஞ்சுக்கிட்டார்ங்கிறதை மட்டும் பலரும் சொல்ல மறந்துடறாங்க. போர்க் காலத்தில், லண்டன் மேல குண்டு விழுந்துட்டிருந்தப்ப, சொந்தக் காசைப் போட்டு வேலை செஞ்சார். 1944-ல் தட்டே இல்லாத, முழு எலெக்ட்ரானிக் கலர் பிக்சர் டியூபைச் செயல்படுத்திக் காட்டினார். கையில காசும் கரைஞ்சது, உடம்பும் கரைஞ்சது.

போருக்காக நிறுத்தியிருந்த டிவியை பி.பி.சி மறுபடி தொடங்கினது 1946 ஜூன் 7. பெயர்டு இறந்தது ஜூன் 14. வயசு 57.

அவர் 1927-ல் சில டிவி சிக்னல்களை கிராமபோன் தட்டில் பதிஞ்சு வெச்சார். அப்போ அதைத் திரும்பப் படமாக்க முடியலை. பல வருஷம் கழிச்சு கம்ப்யூட்டர் அதைச் சாதிச்சது. அதில ஸ்டூக்கி பில் தலையை ஆட்டுறதை இப்பவும் யூடியூபில் பார்க்கலாம். பார்க்கும்போது போனைத் திருப்ப வேண்டாம், நேராவே பிடிச்சுக்கோங்க.