இசைச் செல்வர் கே. எல். சைகல்

ஒரு பாடகரின் புகழை எதனைக் கொண்டு அளப்பது? இசைத்தட்டுகள் எத்தனை விற்றன என்பது பழைய கணக்கு. கைப்பேசி வழியாக ஒரு பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்பது புதிய கணக்கு. 1947-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒருவருக்கு இவ்விரு கணக்குகளும் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அவர்தம் வரலாற்றின் வழியே காண விழைகின்றோம். அவரே குந்தன்லால் சைகல் ஆவார்.

சைகல் 1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் ஜம்முவில் பிறந்தார். தந்தையார் ஜம்மு-காஷ்மீர் சமஸ்தானத்தில் தாசில்தார். அன்னையாரோ இறைபக்தியும் இசைப்பற்றும் மிக்கவர். பஜனைகளுக்கும் கீர்த்தனைகளுக்கும் மகனைக் கையோடு அழைத்துச் செல்வது அவ்வம்மையாரின் வழக்கம். ஊரில் நடக்கும் ராமலீலையில் சிறுவன் சைகல் சீதை வேடம் பூணுவதுண்டு. குருகுலத்தில் அமர்ந்து முறையாகப் பயின்ற இசையன்று அவருடைய இசை. காதால் கேட்டுக் கேட்டு நெஞ்சில் ஊறியதே அவருக்குக் கல்வியாயிற்று.

படிப்பை இடையில் நிறுத்திய சைகல் பிழைப்பைத் தேடிப் புறப்பட்டார். சிறிது காலம் ரயில்வேயில் டைம்கீப்பராக இருந்தார். ஆட்கள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பேரேட்டில் குறிக்கும் வேலை அது. நம் காலனியில் அவ்வேலையின் அருமை அறியாத வீடு இல்லை! பின்னர் ரெமிங்டன் கம்பெனியின் டைப்ரைட்டர்களை விற்கும் பணியை மேற்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அவ்வலைச்சலின் முடிவில், 1930-களின் தொடக்கத்தில், அவர் வந்து சேர்ந்த இடம் கல்கத்தா.

கல்கத்தாவில் பி. என். சர்க்கார் நிறுவிய நியூ தியேட்டர்ஸ் அப்பொழுது புகழேணியில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் இசையமைப்பாளர் ஆர். சி. போரால் சைகலின் குரலில் மனத்தைப் பறிகொடுத்தார். மாதம் இருநூறு ரூபாய்ச் சம்பளத்தில் சைகல் அங்கே அமர்ந்தார். 1932-இல் வெளிவந்த முதற் படங்கள் சோபிக்கவில்லை. எனினும் அவ்வாண்டிலேயே ஹிந்துஸ்தான் கம்பெனி வெளியிட்ட அவருடைய இசைத்தட்டு வீடுதோறும் அவர் குரலைக் கொண்டு சேர்த்தது. 1934-இல் சண்டிதாஸ், 1935-இல் தேவதாஸ் என்னும் படங்கள் வெளிவந்தபின் அவர் பெயரை அறியாதார் அரியர் ஆயினர். 1938-இல் வந்த ஸ்ட்ரீட் சிங்கரில், பாட்டை முன்னதாகப் பதிவு செய்து வாயசைக்கும் வசதி வந்துவிட்ட பின்னரும், காமிராவின் முன் நடந்தவாறே நேரில் பாடிக் காட்டினார்.

தாய்மொழி பஞ்சாபியாக இருந்தும், வாழவந்த இடத்தின் மொழியாகிய வங்காளியைச் சைகல் ஆர்வத்துடன் கற்றார். மகாகவி தாகூரின் பாடல்களைப் பாட இசைவு பெற்ற வங்காளியரல்லாத முதற் பாடகர் அவரே என்பர். அவர் பாடிய பாடல்கள் மொத்தம் 185 எனக் கணக்கிட்டுள்ளனர். இவற்றுள் திரைப்படப் பாடல்கள் 142. அந்த 142-இல் இந்தி 110, வங்காளி 30, எஞ்சிய இரண்டும் தமிழ்! தேவதாஸ் கதை 1930-களில் தமிழில் படமானபோது சைகல் தமிழ்ச் சொற்களைக் காதால் வாங்கி, நாவில் பழக்கி, இரண்டு பாடல்களைப் பாடினார். பிறந்த ஊரை விட்டுப் பிற மொழியாரிடையே வாழும் நமக்கு அவ்விரண்டு பாடல்களும் தனி உறவுடையவை அல்லவா?

இனி, அக்காலத்துத் தட்டுகளின் இயல்பைச் சிறிது நோக்குவோம். அவை அரக்குக் கலந்து வார்க்கப்பட்டவை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்பவை. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாட்டு அடங்கும். கை தவறினால் உடையும். எஃகு ஊசி ஓடுந்தோறும் தட்டின் கோடு சிறிது தேயும். ஆகவே மிகுதியாகக் கேட்கப்பட்ட தட்டே விரைவில் அழிந்தது. பழைய சாமான் கடையில் பளபளப்பாகக் கிடைக்கும் தட்டு யாரும் விரும்பாத பாட்டாகவும் இருக்கக்கூடும். மேலும், ஒரு வீட்டார் வாங்கிய தட்டைத் தெருவே கூடிக் கேட்டது. விற்பனைப் பேரேட்டிலோ அது ஒன்றே ஒன்றுதான்.

சைகல் 1941-இன் இறுதியில் பம்பாய் சென்றார். பக்த சூர்தாஸ், தான்சேன் ஆகிய படங்கள் அவர் புகழை மேலும் உயர்த்தின. ஆயின் மதுப்பழக்கம் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. குடித்தாலன்றிப் பாட வராது என்று அவர் நம்பியிருந்தார். 1946-இல் வெளிவந்த ஷாஜஹான் படத்தின்போது இசையமைப்பாளர் நௌஷாத் ஒரே பாட்டைக் குடித்த நிலையிலும் குடியாத நிலையிலும் பாடச்செய்து, இரண்டையும் அவருக்கே போட்டுக் காட்டினாராம். குடியாமல் பாடியதே சிறந்திருக்கக் கண்ட சைகல், இதனை முன்பே யாரேனும் உணர்த்தியிருந்தால் இன்னும் சில காலம் வாழ்ந்திருப்பேனே என்று வருந்தினார் என நௌஷாத் பின்னாளில் கூறியுள்ளார். காலம் கடந்துவிட்டது. 1947 ஜனவரி 18-இல், நாட்டின் விடுதலையைக் காணாமலே, தம் 42-ஆம் வயதில் ஜலந்தரில் சைகல் உயிர் நீத்தார். லட்சக்கணக்கான மக்கள் நேசித்த குரல் தன்னை உடையவனைக் காக்கவில்லை.

பல பாடல்களை ஒருங்கே தாங்கும் நீண்டநேர இசைத்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது 1948-இல். எனவே இக்காலத்தார் ஆல்பம் என்று வழங்கும் தொகுப்பைச் சைகல் கண்டதே இல்லை. அவர் பெயரால் வந்த ஆல்பங்கள் எல்லாம் பிறர் பின்னாளில் தொகுத்தவையே. நீண்டநேரத் தட்டு, காசெட், குறுந்தகடு, இப்பொழுது இணையம் என்று கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஒவ்வொரு புதிய கருவியிலும் அவர் குரல் மீண்டும் குடியேறியது.

இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பைப் பெரியோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள். பழைய திரைப்பாடல் நிகழ்ச்சி காலை எட்டு மணிக்கு முடியும். அதன் இறுதிப் பாட்டு நாள்தோறும் சைகல் பாட்டே. 7 மணி 57 நிமிடத்துக்குத் தொடங்கும். இவ்வழக்கம் பல்லாண்டுகள் நீடித்தது. அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தை அக்குரலைக் கொண்டு அறிந்த வீடுகள் எத்தனையோ!

இதனைப் புதிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2014-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பில்போர்ட் பத்திரிகை, இணையத்தில் 1,500 முறை பாட்டுக் கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்று தன் பட்டியலுக்கு விதி வகுத்தது; பின்னர் அவ்வளவை மாற்றியமைத்தது. அந்த 1,500 என்னும் அளவையே கொள்வோமாயின், நாள்தோறும் ஒரு சைகல் பாட்டை வானொலியில் கேட்ட ஒரு குடும்பம் ஓர் ஆல்பத்துக்கு ஈடாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் கேட்டிருக்க வேண்டும். அவ்வாறு கேட்டவர்கள் எண்ணற்றோர். எனினும் அவர்களுள் ஒருவரும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

புதிய கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் மீதுள்ள உரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளே நிற்கும். 1946-இல் வெளியான பதிவின் உரிமை 2006-ஆம் ஆண்டோடு முடிந்தது. அதன்பின் எவரும் அப்பதிவை வெளியிடலாம். ஆதலால் ஒரே பாட்டு இணையத்தில் பலர் பெயரில், பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றது. அவற்றையெல்லாம் ஒருங்கே கூட்டிச் சொல்வார் இல்லை. ஆகவே, பட்டியலில் எண் சிறிதாகத் தோன்றினும் கேட்போர் குறைந்துவிட்டனர் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. எண்கள் பொய் சொல்வதில்லை. தாம் எண்ணியவற்றை மட்டுமே சொல்லும்.

பாட்டுக்கு மூன்று நிமிடம் என்று கொண்டால் 185 பாடல்களும் ஒன்பதேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஓர் இரவு ரயில் பயணத்துக்கும் போதாது. அச்சிறு முதலைக் கொண்டு, தம் வாழ்நாளைப் போல் ஏறத்தாழ இருமடங்கு காலம், சைகல் மக்கள் செவியில் வாழ்ந்து வருகின்றார். 1995-இல் இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

நம் இல்லங்களில் ஒருநாள் மாலை அவருடைய பாட்டொன்றைக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்வோம். ஜம்முவில் பிறந்து, வங்காளத்தில் புகழ் பெற்று, தமிழிலும் இரண்டு பாடல்கள் பாடிச் சென்ற அப்பெருமகனின் வரலாற்றையும் அவர்களுக்குச் சொல்வோம். சைகல் புகழ் நின்று நிலவுக!