ராஜா ரவி வர்மா

ராஜா ரவி வர்மா (ஏப்ரல் 29, 1848 – அக்டோபர் 2, 1906) திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த புகழ் பெற்ற ஓவியர் ஆவார். ஐரோப்பியரிடமிருந்து வந்த எண்ணெய் வண்ணத்தை இந்தியப் புராணக் காட்சிகளுக்குப் பயன்படுத்தியவர்களுள் இவரே முதன்மையானவராகக் கருதப்படுகிறார். கல் அச்சு முறையில் தம் ஓவியங்களைப் பல்லாயிரக்கணக்கில் அச்சிட்டு எளிய மக்களின் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தவரும் இவரே. இன்று தமிழர் வீட்டுப் பூசை அறைகளில் காணப்படும் இலட்சுமி, சரசுவதி உருவங்கள் பெரும்பாலும் இவர் வகுத்த சாயலிலேயே அமைந்துள்ளன.

இளமை

ரவி வர்மா இன்றைய கேரள மாநிலத்தில் உள்ள கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். தந்தை ஏழுமாவில் நீலகண்டன் பட்டத்திரிப்பாடு. தாய் உமா அம்பாபாய் தம்புராட்டி. தாயார் கவிதை இயற்றுபவர். தங்கை மங்களா பாயும், தம்பி சி. ராஜ ராஜ வர்மாவும் ஓவியர்களாக விளங்கினர்.

கிளிமானூர் குடும்பம் திருவிதாங்கூர் அரச குடும்பத்துடன் நெடுங்காலமாகத் திருமண உறவு கொண்டிருந்தது. அக்காலத் திருவிதாங்கூர் முழுவதும் மலையாளம் பேசும் நாடன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே அமைந்த செங்கோட்டை, ஆய்க்குடி முதலிய ஊர்களும் அதன் ஆட்சியில் இருந்தன. இவை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அரசவையில் தமிழ்நாட்டு இசைவாணர்களும் ஓவியர்களும் இடம் பெற்றிருந்தது இதனால் வியப்பன்று. சுவாதித் திருநாள் காலத்தில் மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு அரசவை ஓவியராக இருந்தார். அவரிடம் பயின்றவர் ரவி வர்மாவின் தாய்மாமன் ராஜ ராஜ வர்மா. ஆகவே ரவி வர்மாவின் கலைப் பரம்பரையில் மதுரைக்கும் தஞ்சைக்கும் பங்கு உண்டு.

சிறுவன் ரவி வர்மா வீட்டுச் சுவர்களில் கரியால் விலங்குகளையும் அன்றாடக் காட்சிகளையும் வரைந்து வந்தார். அதைக் கண்ட மாமன் கண்டிக்காமல் தாமே முதல் ஆசிரியரானார். 1862ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவனாக ரவி வர்மா திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டார். மன்னர் ஆயில்யம் திருநாள் அவரை அரண்மனையில் தங்கிக் கற்க இசைந்தார்.

எண்ணெய் வண்ணம் கற்ற வரலாறு

மாமன் கற்பித்தது தஞ்சாவூர் பாணி. அம்முறையில் மரப்பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் கலந்த பூச்சு இடுவர். அணிகலன்களும் தூண்களும் வரும் இடங்களை அப்பூச்சால் மேடாக்கி, அதன்மேல் தங்க இலை ஒட்டிக் கற்களைப் பதிப்பர். மற்ற இடங்களில் நிறங்கள் தட்டையாகவே பூசப்படும். நீரில் கரைத்த வண்ணம் விரைவில் உலர்ந்துவிடுவதால் ஒரு நிறத்தை மற்றொன்றுடன் மெல்லக் குழைத்து நிழலும் ஒளியும் காட்டுவது கடினம்.

எண்ணெய் வண்ணத்தின் தன்மை வேறு. நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துத் துணித் திரையில் தீட்டுவர். அது உலர நாட்கள் ஆகும். அதற்குள் ஓவியர் நிறங்களை ஒன்றோடொன்று கலக்கலாம், திருத்தலாம், மேலும் மேலும் பூசலாம். தோலின் மென்மை, பட்டின் மினுமினுப்பு, பொன்னின் ஒளி ஆகியவற்றைத் தங்க இலையின்றியே தூரிகையால் காட்ட முடியும். ரவி வர்மாவைக் கவர்ந்தது இதுவே.

ஆனால் கற்றுத்தர ஆளில்லை. அரசவையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த இராமசாமி நாயக்கர், இளைஞர் ஒருவர் தமக்குப் போட்டியாக வளர்வதை விரும்பாமல் கற்பிக்க மறுத்தார். தொழில் நுணுக்கமே ஓர் ஓவியரின் சொத்தாக இருந்த காலம் அது. நாயக்கரின் மாணவரான ஆறுமுகம் பிள்ளை என்பவர் ஆசிரியருக்குத் தெரியாமல் ரவி வர்மாவுக்கு உதவியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அந்த உதவி பெரியது. ஆயினும் ஆறுமுகம் பிள்ளையின் பெயர் ரவி வர்மாவின் வரலாற்றில் ஒரு வரியோடு நின்றுவிட்டது.

1868இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் அரசரை வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்பிக்க இணங்கவில்லை. மன்னரின் வேண்டுகோளுக்காக, தாம் வரைவதை அருகிலிருந்து பார்க்க மட்டும் அனுமதித்தார். இவ்வாறு ஓவியப்பள்ளி எதிலும் பயிலாமல், பார்த்தும் தவறு செய்து திருத்தியும் ரவி வர்மா எண்ணெய் ஓவியத்தைக் கற்றார்.

இதற்கிடையே 1866இல் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்த பாகீரதி பாயை மணந்தார். இவர்களின் பேத்தியருள் இருவரான சேது இலட்சுமி பாயும் சேது பார்வதி பாயும் 1900இல் திருவிதாங்கூர் அரச குடும்பத்திற்குத் தத்தெடுக்கப்பட்டனர்.

கண்காட்சிகள்

ரவி வர்மாவுக்கு முந்தைய ஓவியர் அரசருக்கோ கோயிலுக்கோ வரைந்தார். முன்பின் அறியாத மக்கள் கூடிப் பார்த்து மதிப்பிடும் வழக்கம் இல்லை. அதை ஏற்படுத்தியவை பிரித்தானிய ஆட்சியில் தொடங்கிய கலைக் கண்காட்சிகள். 1873இல் சென்னையில் நடைபெற்ற நுண்கலைக் கண்காட்சியில், மல்லிகைச் சரத்தைக் கூந்தலில் சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்தை ரவி வர்மா வைத்தார். ஐரோப்பிய ஓவியர்களும் கலந்து கொண்ட அக்கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் இவருக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25. அதே ஆண்டு அவ்வோவியம் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியிலும் பரிசு பெற்றது.

அடுத்த ஆண்டு சென்னைக்கு அவர் அனுப்பியது ஸ்வரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம். இதற்கும் பதக்கம் கிடைத்தது. 1875இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மன்னர் அளித்த அன்பளிப்புகளுள் இவ்வோவியமும் ஒன்று. 1876இல் சகுந்தலை தாமரை இலையில் மடல் எழுதும் காட்சியை வரைந்தார். இதனைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபு வாங்கினார். மோனியர் வில்லியம்சின் சாகுந்தல மொழிபெயர்ப்பின் பிற்காலப் பதிப்பு ஒன்றில் இது முகப்புப் படமாக இடம் பெற்றது.

1880இல் விசாகம் திருநாள் அரியணை ஏறிய பின்னர் அரசவையுடன் ரவி வர்மாவின் உறவு கசந்தது. அவர் தலைநகரை விட்டுக் கிளிமானூருக்குத் திரும்பினார். வெளியிலிருந்து வந்த அழைப்புகளே அவரைக் காத்தன எனலாம். திருவிதாங்கூரில் திவானாக இருந்து பின்னர் பரோடா திவானான சர் டி. மாதவ ராவ் அவரைப் பரோடாவுக்கு அழைத்தார். அங்கு தொடங்கிய தொடர்பால், மன்னர் சாயாஜி ராவ் கெய்க்வாடு தம் புதிய இலட்சுமி விலாச அரண்மனைக்கு 14 புராண ஓவியங்களைக் கேட்டார்.

இந்தப் பணிக்காக ரவி வர்மாவும் தம்பி ராஜ ராஜ வர்மாவும் வட இந்தியாவில் பல ஊர்களுக்குப் பயணம் செய்தனர். இராமாயண, மகாபாரத மாந்தர் எவ்வகை உடை அணிந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் தேடிய விடை. எல்லாப் பகுதிக்கும் பொதுவான பழைய உடை ஒன்றும் அகப்படவில்லை. முடிவில் ரவி வர்மா தேவியருக்கும் புராண மங்கையருக்கும் புடவையையே உடுத்தினார். மகாராட்டிரப் பெண்களின் சாயலும் அதில் தெரிகிறது. ஓர் ஓவியர் தம் வசதிக்காக எடுத்த இம்முடிவே பிற்காலத்தில் நாடக மேடையிலும் திரைப்படத்திலும் மரபாக நிலைத்தது. 1890இல் நிறைவுற்ற ஓவியங்களைப் பரோடாவுக்கு அனுப்பும் முன்னர் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் மக்கள் பார்வைக்கு வைத்தனர். பெருங்கூட்டம் திரண்டது.

1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய பத்து ஓவியங்கள் விருதுகள் பெற்றன. அவற்றுள் பெரும்பாலானவை இந்தியாவின் பல பகுதிப் பெண்களைக் காட்டுபவை.

கல் அச்சகம்

அரண்மனை ஓவியங்களின் படிகளைக் கேட்டு வருவோருக்கு ஒருவரால் வரைந்து தர இயலாது, ஆகவே அச்சிட்டு வெளியிடுவதே வழி என்று மாதவ ராவ் முன்னரே அறிவுரை கூறியிருந்தார். 1894இல் கோவர்த்தன்தாஸ் கடாவு மகன்ஜி என்பவருடன் கூட்டாகப் பம்பாயில் ரவி வர்மா ஓர் அச்சகத்தை நிறுவினார். இயந்திரங்களும் தொழில் வல்லுநர்களும் செருமனியிலிருந்து வந்தனர். முதலில் வெளிவந்தது சகுந்தலை பிறப்பு என்னும் படம்.

கல் அச்சு முறை, எண்ணெயும் நீரும் ஒட்டா என்ற எளிய உண்மையை அடிப்படையாகக் கொண்டது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையால் உருவத்தை வரைந்து, கல்லை நீரால் நனைப்பர். பின்னர் அச்சு மை உருட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு தனிக் கல் வேண்டும். ஒரே தாள் பல கற்களின் மேல் இம்மியும் விலகாமல் பதிய வேண்டும். முடிவில் மெருகெண்ணெய் பூசி, எண்ணெய் ஓவியம் போன்ற தோற்றம் தருவர். ஓவியத்தைப் பார்த்துக் கல்லில் வரைபவர் வேறு ஒருவராதலால், அச்சுப்படத்தில் மூல ஓவியத்தின் நுட்பம் முழுமையாக வருவதில்லை.

கலை நோக்கில் இது இழப்பே. ஆயினும் சாதியின் காரணமாகக் கோயில் வாயிலிலேயே நிறுத்தப்பட்ட மக்கள் கோடிக்கணக்கில் இருந்த காலம் அது. திருவிதாங்கூரிலேயே ஆலய நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. சில காசுகளுக்குக் கிடைத்த தெய்வப் படம் அத்தகையோர் வீட்டிற்குள்ளும் நுழைந்தது. பலர் இப்படங்களுக்குத் துணியும் சரிகையும் சமிக்கியும் ஒட்டி அலங்கரித்தனர். தஞ்சாவூர்ப் படத்தின் ஆசை காகிதத்தின் மேலும் தொடர்ந்தது.

வணிகத்தில் அச்சகம் தோல்வியுற்றது. பம்பாயில் கொள்ளை நோய் பரவியதால் தொழிலாளர் சிதறினர். அச்சகம் லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. கடன் பெருகவே, 1900களின் தொடக்கத்தில் அங்கு பணியாற்றிய செருமானியர் பிரிட்ஸ் சிலைசருக்கு உரிமைகளுடன் விற்கப்பட்டது. பின்னாளில் இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்பட்ட தாதாசாகிப் பால்கே இளமையில் இவ்வச்சகத்தில் வேலை பார்த்தவர். 1972இல் ஏற்பட்ட தீவிபத்தில் அச்சகம் அழிந்தது.

இறுதிக் காலம்

1904இல் ஆங்கிலேய அரசு இவருக்குக் கெய்சர்-இ-இந்து தங்கப் பதக்கம் அளித்தது. மைசூர் மன்னர் நான்காம் கிருட்டிணராச உடையார் தம் அரண்மனைக்கு ஒன்பது ஓவியங்களைக் கேட்டிருந்தார். அப்பணியின் இடையே 1905 சனவரியில் தம்பி ராஜ ராஜ வர்மா காலமானார். பின்னணி நிலக்காட்சிகளை வரைவது, கணக்குப் பார்ப்பது, கடிதம் எழுதுவது, பயண நாட்குறிப்பு வைப்பது என அண்ணனின் வாழ்க்கையில் பாதியைச் சுமந்தவர் அவர். இருவரின் உழைப்பையும் ஒருவர் பெயரே தாங்கி நின்றது. நீரிழிவால் நலிந்திருந்த ரவி வர்மா மைசூர் ஓவியங்களை முடித்து, 1906 அக்டோபர் 2 அன்று தமது 58ஆம் வயதில் மறைந்தார்.

மதிப்பீடும் தாக்கமும்

மறைவுக்குப் பின் இவர் புகழ் கலை அறிஞரிடையே விரைவில் சரிந்தது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் தந்தைவழி வந்த ஆனந்த குமாரசாமி, ரவி வர்மாவின் தெய்வங்கள் நாடக நடிகரைப் போல் உள்ளன என்ற கருத்துடையவர், இ. பி. ஹாவெலும் வங்கக் கலைக் குழுவினரும் இவ்வாறே கருதினர். அயல் கருவியைக் கையாண்டவர் தேசியக் கலைஞராக முடியுமா என்பதே வாதத்தின் உட்பொருள். இக்கண்டனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அரண்மனைக்கென விரைந்து வரைந்த சில படங்களில் மாந்தர் அசைவற்று நிற்கின்றனர். ஆனால் நாயர் பெண், தமிழ்ப் பெண் முதலிய தனி உருவ ஓவியங்களை அக்கண்டனம் தொடுவதில்லை.

மக்கள் இவ்வாதத்தைப் பொருட்படுத்தவில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவர் மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டிகள் வழியே தமிழகமெங்கும் பரவின. ரவி வர்மா தொடங்கிய வழியை அவை தென்பாண்டிச் சீமையில் தொடர்ந்தன.

1979இல் இந்திய அரசு ரவி வர்மாவின் படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்து, அவற்றை நாட்டிற்கு வெளியே கொண்டு செல்வதைத் தடை செய்தது. 1993இல் தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் நடந்த பெரும் கண்காட்சிக்குப் பின்னர் ஆய்வாளர்களின் கவனம் மீண்டும் இவர்பால் திரும்பியது. இவருடைய ஓவியங்களைத் திருவனந்தபுரத்திலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும், பரோடா இலட்சுமி விலாச அரண்மனையிலும் காணலாம்.