நாடகக்காரர் செய்த தையல் எந்திரம்

பழைய தையல் எந்திரம் ஒன்று விலைக்கு வருகிறது என்றால், அதன் கறுப்பு உடலில் பொன் எழுத்தில் உள்ள பெயரைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். சிங்கர் என்று இருந்தால் விற்பவர் விலையைச் சற்று உயர்த்திச் சொல்வார்.

அது ஒரு மனிதரின் பெயர். ஐசக் மெரிட் சிங்கர் என்பது முழுப் பெயர். அமெரிக்காவில், நியூயார்க் மாகாணத்தில், 1811-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி அவர் பிறந்தார்.

வீட்டை விட்டு ஓட்டம்

சிங்கரின் தகப்பனார் ஜெர்மனியில் இருந்து குடியேறியவர். ஏழைக் குடும்பம். தாயும் தகப்பனும் பிரிந்துவிட்டார்கள். 12 வயதில் சிங்கர் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

எந்திரப் பட்டறையில் தொழில் கற்றார். ஆனால் அவருக்கு ஆசையெல்லாம் நாடகத்தின் மீதுதான். ஆள் நல்ல உயரம். கணீர் என்ற குரல். ஊர் ஊராகப் போய் நடித்தார். கையில் காசு தீர்ந்தால் மீண்டும் பட்டறை வேலைக்குப் போவார்.

1839-இல் பாறையைத் துளைக்கும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை 2,000 டாலருக்கு விற்றார். அந்தப் பணத்தில் சொந்தமாக நாடகக் குழு தொடங்கினார். பணமும் போயிற்று, குழுவும் கலைந்தது!

பிறகு அச்சு எழுத்துச் செதுக்கும் எந்திரம் செய்தார். நியூயார்க்கில் நடந்த கொதிகலன் விபத்தில் அது நாசமாயிற்று. மறுபடியும் ஒன்று செய்து பாஸ்டன் நகருக்குக் கொண்டு போனார். வாங்க ஆள் இல்லை. அப்போது அவருக்கு வயது 38.

பதினொரு நாள்

அவர் இடம் பிடித்திருந்த பட்டறை, பெல்ப்ஸ் என்பவருடையது. அங்கே தையல் எந்திரங்கள் பழுது பார்க்க வந்துகொண்டிருந்தன.

ஆம், தையல் எந்திரத்தை முதலில் கண்டுபிடித்தவர் சிங்கர் அல்ல! அவருக்கு முன்பே எலியாஸ் ஹோ என்ற அமெரிக்கர் 1846-இல் பேட்டண்ட் உரிமை பெற்றுவிட்டார். நுனியில் காது உள்ள ஊசியை ஹோ தம் எந்திரத்தில் அமைத்திருந்தார். ஆனால் அந்நாளைய எந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்தன. ஓயாமல் தைப்பது அவற்றால் முடியவில்லை.

சிங்கர் குறையைக் கண்டுகொண்டார். துணி மேஜை மீது படுத்திருக்க வேண்டும். ஊசி மேலும் கீழுமாக நேராக இறங்க வேண்டும். துணி நழுவாமல் ஒரு பாதம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று திட்டமிட்டார். ஜீபர் என்ற நண்பர் 40 டாலர் கொடுத்தார். 1850-இல், 11 நாளில் எந்திரம் தயாராயிற்று.

கடைசி இரவு தைத்துப் பார்த்தால் தையல் தளர்ந்து தளர்ந்து வந்தது. மனம் உடைந்து சிங்கரும் ஜீபரும் விடுதிக்கு நடந்தார்கள். துணியின் மேல்பக்கம் நூல் தொங்குகிறதே என்று ஜீபர் வழியில் சொன்னார். நூலின் இறுக்கத்தைச் சரிசெய்ய மறந்தது அப்போதுதான் சிங்கருக்கு உறைத்தது. இருவரும் திரும்பிப் போனார்கள். ஒரு திருகை முறுக்கினார்கள். எந்திரம் தைத்தது!

1851 ஆகஸ்ட் 12-ந் தேதி பேட்டண்ட் உரிமை கிடைத்தது.

வழக்கு

எலியாஸ் ஹோ வறுமையில் வாடியவர். மனைவியையும் பறிகொடுத்திருந்தார். தம் ஊசியைச் சிங்கர் பயன்படுத்துவதாக வழக்குத் தொடுத்தார். 1854-இல் வழக்கு முடிந்தது. சிங்கர் 15,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. அதற்குப் பின், விற்கும் ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஹோவுக்குப் பங்கு போயிற்று. ஏழை ஹோ பணக்காரர் ஆனார்.

ஆனால் ஜீபருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர் நோயாய்ப் படுத்திருந்தபோது, பிழைக்கமாட்டார் என்று பயமுறுத்தி, அவருடைய பங்கைச் சிங்கர் 6,000 டாலருக்கு எழுதி வாங்கிவிட்டார். இதை ஜீபரே பின்னாளில் எழுதி வைத்தார். அவர் பிழைத்துக்கொண்டார், பங்கு போனது போனதுதான்.

வாங்கலாமா, வேண்டாமா?

கையால் ஒரு சட்டை தைக்க 14 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எந்திரத்தில் ஒன்றேகால் மணி நேரம் போதும். ஆனாலும் வீடுகளில் யாரும் வாங்கவில்லை. காரணம் விலை! எந்திரம் 100 டாலர். சாதாரணக் குடும்பத்தின் ஆண்டு வருமானமோ சுமார் 500 டாலர்தான்.

இதற்கு வழி கண்டவர் சிங்கரின் கூட்டாளியான வக்கீல் எட்வர்ட் கிளார்க். முதலில் ஒரு சிறு தொகை. மீதி மாதாமாதம் தவணை. 1855-இல் 883 எந்திரங்கள் விற்றன. தவணை வந்த 1856-இல் 2,564 விற்றன!

கிளார்க் இன்னொன்றும் செய்தார். எந்தக் கம்பெனியின் பழைய எந்திரமானாலும் கொண்டு வாருங்கள், புதியதன் விலையில் 50 டாலர் தள்ளுபடி என்றார். வந்த பழைய எந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். பழையது கடைவீதியில் சுற்றினால் புதியது விற்காதே!

கடைசி நாட்கள்

பணம் குவிந்தது. அதோடு பழியும் சேர்ந்தது. ஒரே நகரத்தில் பல பெண்களோடு சிங்கர் தனித்தனிக் குடும்பம் நடத்தியது 1860-இல் வெளிப்பட்டது. அவர் ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் 20-க்கும் மேல். 1875 ஜூலை 23-ந் தேதி இங்கிலாந்தில் பெயிண்டன் என்ற ஊரில் காலமானார். விட்டுச் சென்ற சொத்து சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர்.

எந்திரங்களைக் குறை கூறிய காந்தியடிகள்கூட, 1924-இல் சிங்கர் தையல் எந்திரத்துக்கு விலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைக் காணப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்று அவர் நம்பினார். உண்மையில் சிங்கர் தேடியது பணம். ஆனால் பயன் அடைந்தவர்கள் கோடிக்கணக்கான குடும்பத்தார்.

பழையது வாங்குவோருக்கு

ஸ்காட்லாந்தில் கிளைடுபேங்க் என்ற ஊரில் இருந்த பெரிய சிங்கர் ஆலை, 1980-இல் மூடப்பட்டது. அங்கே செய்த எந்திரங்களோ இன்னும் ஓடுகின்றன. வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்.

சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடங்கல் இன்றிச் சுற்ற வேண்டும். எண்ணெய் உறைந்து இறுகியிருந்தால் சரிசெய்யலாம். உள்ளே துருப்பிடித்து அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். பாபினும் ஷட்டிலும் இருக்கின்றனவா, அதற்குப் பொருந்தும் ஊசி கடையில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். மிகப் பழைய ரகங்களுக்கு ஊசி கிடைப்பதே அரிது. உடலில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டு, எந்த ஆண்டில் செய்தது என்று அறியலாம்.

கடைசியாக, வீட்டில் இருந்து ஒரு துண்டுத் துணி கொண்டு போய்த் தைத்துப் பாருங்கள். தையல் தளர்ந்து வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். நூலின் இறுக்கத்தைச் சரிசெய்யும் திருகை ஒரு முறை முறுக்கிப் பாருங்கள். பாஸ்டனில் அந்த இரவு குறையாக இருந்ததும் அவ்வளவுதான்.