நீரிலே இறுகிய உறுதி – பென்னிகுயிக் வரலாறு

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதுக் கட்டடங்கள் எழும்புவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கட்டி முடித்த சுவரின்மேல் சித்தாள்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். தளத்தின்மேல் பாத்தி கட்டி நீரைத் தேக்கி வைப்பார்கள். காய்ந்தால்தானே சிமென்ட் இறுகும், ஏன் நனைக்கிறார்கள் என்று நம்மில் பலர் எண்ணியதுண்டு. இந்த ஐயத்திற்கு விடை தேடும்போது ஒரு பெரியவரின் வாழ்க்கை நம் நினைவுக்கு வருகிறது.

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் புனே நகரில் பிறந்தார். அவருக்கு எட்டு வயது நிறைய இரண்டே நாட்கள் இருந்தபோது, சில்லியன்வாலா போரில் தந்தையும் தமையனும் ஒரே நாளில் மாண்டனர். தந்தையை இழந்த அச்சிறுவர் இங்கிலாந்தில் கல்வி கற்று, 1858-இல் சென்னைப் பொறியாளர் படையில் சேர்ந்தார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடும் பஞ்சம் வாட்டியது. வைகை வறண்டு கிடக்க, மலைக்கு அப்பால் பெரியாறு பெருக்கெடுத்து அரபிக் கடலில் கலந்து கொண்டிருந்தது. அந்நீரை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு 1882-இல் பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலை 1887-இல் தொடங்கியது.

ஓடும் ஆற்றின் நடுவே அணை கட்டக் கலவை வேண்டுமே! வெறும் சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல மெல்லத்தான் இறுகும்; நீருக்குள் இறுகாது. ஆனால் சுட்ட களிமண்ணை இடித்த தூளாகிய சுர்க்கியைச் சுண்ணாம்புடன் சேர்த்தால், சுர்க்கியில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடும் நீரோடும் கூடிப் புதுப் பொருளாக மாறிக் கல்லைப்போல் இறுகும். நீருக்கடியிலும் இறுகும். அந்நாளில் நம் நாட்டில் போர்ட்லாந்து சிமென்ட் ஆலைகள் இல்லை. ஆகவே அணையின் உட்பகுதி சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையாலும், முன்பின் முகங்கள் கருங்கல் கட்டாலும் எழுப்பப்பட்டன.

இன்றைய சிமென்ட்டும் இதற்கு உறவுதான். சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைப்பதே போர்ட்லாந்து சிமென்ட். அது காய்ந்து இறுகுவதில்லை. நீரை உட்கொண்டு இறுகுகிறது. நீர் முன்னதாக வற்றிவிட்டால் அந்த மாற்றம் பாதியில் நின்று, கட்டடம் வலுவிழக்கும். ஒரு வாரமாவது நனைப்பதன் காரணம் இதுவே.

பென்னிகுயிக்கின் பணி எளிதாக நடக்கவில்லை. கரை கட்டக் கட்டக் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றது. மலேரியாவும் காலராவும் நூற்றுக்கணக்கான தொழிலாளரைப் பலி கொண்டன. பெயர் அறியப்படாத அவ்வேழை மக்களின் உழைப்பும் அந்த அணையில் கலந்துள்ளது. பென்னிகுயிக் சோர்ந்துவிடவில்லை. வெள்ளம் வடிந்ததும் மீண்டும் கட்டினார். சுமார் 1,200 அடி நீள அணை உயர்ந்தது. ஒரு மைலுக்கும் மேல் நீண்ட சுரங்கம் மலையைத் துளைத்தது. 1895 அக்டோபரில் பெரியாற்று நீர் கிழக்கே பாய்ந்தது.

பின்னர் இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரித் தலைவராகவும் பணியாற்றிய அவர், 1911 மார்ச் 9-ஆம் நாள் காலமானார். காலப்போக்கில் அணைக்குக் கான்கிரீட்டால் வலுவூட்டினார்கள். ஆயினும் அதன் நெஞ்சில் இருப்பது அன்றைய சுர்க்கிக் கலவையே. தேனி மாவட்ட உழவர்கள் அவர் பிறந்த நாளன்று பொங்கலிட்டு நன்றி கூறுகிறார்கள்.

அன்புத் தோழியரே! அணையை அழிக்க வந்த அதே நீர்தான் அக்கலவையை இறுகவும் செய்தது. துன்பம் நம் வாழ்விலும் வெள்ளமாக வரலாம். பொறுமையும் உழைப்பும் நம்மில் கலந்திருந்தால், அத்துன்பமே நம்மை உறுதியாக்கும். இனி, சுவருக்கு நீர் ஊற்றும் சித்தாளைக் காணும்போது, அவர் செய்வது அறிவியல் என்பதை உணர்ந்து மதிப்போமாக!