தஞ்சோங் பகாரில் ஒரு செங்கல் சூளை

1819ஆம் ஆண்டு மே மாத இறுதியில், இந்தியானா என்னும் பாய்மரக் கப்பல் பினாங்கிலிருந்து மலாக்கா நீரிணை வழியாகச் சிங்கப்பூருக்கு வந்தது. ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாக இத்தீவுக்கு வந்த பயணம் அது. அவருடன் வந்தவர்களுள் நாராயண பிள்ளை என்னும் தமிழரும் ஒருவர்.

அவர் முதலில் கருவூலத்தில் வேலை பார்த்தார். அப்போது இங்கே மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்ட குடில்களே மிகுதி. துறைமுகம் வளர்ந்தால் கல் வீடுகள் வேண்டுமல்லவா? நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் செங்கல் சூளை அமைத்தார். கொத்தனார்களையும் தச்சர்களையும் அனுப்புமாறு பினாங்கிலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர்களும் கடல்வழியே வந்து சேர்ந்தனர். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் இவரே.

பின்னர்க் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை திறந்தார். 1822இல் ஏற்பட்ட தீவிபத்தில் கடை முழுவதும் எரிந்தது. கடனுக்கு வாங்கிய சரக்குகளும் சாம்பலாயின. சரக்கு போயிற்று, கடன் மட்டும் நின்றது. அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. ராஃபிள்ஸிடம் உதவி கேட்டார். கமர்ஷியல் ஸ்குவேரில், அதாவது இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில், அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே மீண்டும் வணிகம் தொடங்கி முன்னேறினார்.

கோயில் கட்டவும் அவர் விரும்பினார். தெலுக் ஆயரில் முதலில் கிடைத்த இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. வழிபாட்டுக்கு அது பெருங்குறை. 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் வேறு இடம் கிடைத்தது. 1827இல், மரமும் அத்தாப்பும் கொண்டு எளிய மாரியம்மன் கோயில் அங்கே எழுந்தது. கப்பலில் வந்திறங்கிய தமிழர்கள், வேலையும் வீடும் கிடைக்கும் வரை அக்கோயிலில் தங்கினர்.