வலிக்கு மார்ஃபின்... மார்ஃபினை மறக்க கோகோ கோலா! ஜான் பெம்பர்டனின் சோகக் கதை

தியேட்டர் இடைவேளையில, பிரியாணி கடையில நாம வாங்கிக் குடிக்கிற கோகோ கோலா, முதலில் தாகத்துக்காக உருவானது இல்லைன்னு தெரியுமா? போர்க் காயத்தின் வலி, அந்த வலிக்காக ஆரம்பித்த மார்ஃபின் பழக்கம் என இரண்டிலும் மாட்டிக்கொண்ட ஒரு மருந்துக்கடைக்காரர், வெளியே வரத் தேடிய வழியில் பிறந்த பானம் அது. அவர் பெயர் ஜான் பெம்பர்டன்.

யார் இந்த பெம்பர்டன்?

1831-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்தவர். மருத்துவம் படித்து 19 வயதிலேயே உரிமம் வாங்கினார். ஆனால் ஆர்வமெல்லாம் மருந்து தயாரிப்பதில்தான். கொலம்பஸ் நகரில் தொழிலைத் தொடங்கினார்.

உள்நாட்டுப் போர் வந்தது. தென் மாகாணங்களின் படையில் சேர்ந்தார். 1865 ஏப்ரல் மாதம், தளபதி ராபர்ட் லீ சரணடைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. போர் கிட்டத்தட்ட முடிஞ்சே போச்சு. அந்த நேரத்தில் நடந்த கொலம்பஸ் சண்டையில்தான் பெம்பர்டனின் நெஞ்சில் வாள்வெட்டு விழுந்தது. உயிர் பிழைத்தார். வலிக்காக மார்ஃபின் எடுக்கத் தொடங்கினார்.

மார்ஃபின் ஏன் விடவில்லை?

அபினில் இருந்து பிரித்தெடுக்கப்படும் மார்ஃபின், கடும் வலிக்கு இன்றைக்கும் முக்கியமான மருந்து. ஆனால் தொடர்ந்து எடுத்தால் உடம்பு பழகிவிடும். அதே நிவாரணத்துக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். நிறுத்தினால் வியர்வை, வாந்தி, தூக்கமின்மை, உடம்பு முழுக்க வலி. சிலருக்கு நீண்ட நாள் பயன்பாடே வலியைத் தாங்கும் சக்தியைக் குறைத்துவிடும்.

இப்போ வலிக்கிறது பழைய காயத்தாலயா, மருந்து இறங்கினதாலயா? நோயாளிக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அந்தக் காலத்தில் மார்ஃபின் வாங்க பெரிய கட்டுப்பாடு கிடையாது. பெம்பர்டனுக்கோ அது சொந்தக் கடை அலமாரியிலேயே இருந்தது.

தப்பிக்கத் தேடிய வழி

கோகா இலையில் இருந்து வரும் கோகைன், மார்ஃபின் பழக்கத்தை முறிக்கும் என்று அப்போது சில மருத்துவர்கள் நம்பினார்கள். வியன்னாவில் இளம் மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்டும் அதில் ஒருவர். அவரது நண்பர் எர்ன்ஸ்ட் பிளைஷ்லுக்கு கட்டைவிரலின் ஒரு பகுதி அகற்றப்பட்டு, நரம்பு வலியால் மார்ஃபின் பழக்கம் வந்திருந்தது. 1884-ல் பிராய்டு அவருக்கு கோகைன் கொடுத்தார். விளைவு? நண்பர் கோகைனுக்கும் அடிமையானார். 1891-ல் இறந்தும் போனார்.

அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்திருந்த பெம்பர்டனும் இதே நம்பிக்கையில் இருந்தார். 1885-ல் ஒயினோடு கோகா இலை, கோலா கொட்டைச் சாறுகளைக் கலந்து ஒரு பானம் தயாரித்தார். நரம்புத் தளர்ச்சி, தலைவலி தொடங்கி மார்ஃபின் பழக்கம் வரைக்கும் மருந்து என விளம்பரம் செய்தார்.

பிறகு அட்லாண்டாவில் மதுவிலக்கு வந்ததால், ஒயினை எடுத்துவிட்டு சர்க்கரைப் பாகு சேர்த்தார். 1886 மே மாதம் ஜேக்கப்ஸ் மருந்துக்கடையில் சோடா கலந்து ஒரு கிளாஸ் 5 சென்ட்டுக்கு விற்கப்பட்டது. கோகோ கோலா என்று பெயர் வைத்தவர் அவரது கணக்காளர் ஃபிராங்க் ராபின்சன்.

கடைசி நாட்கள்

முதல் வருஷம் சராசரியாக நாளுக்கு 9 கிளாஸ்தான் விற்றது. உடம்பும் படுத்தது, கையில் பணமும் இல்லை. உரிமையைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். கடைசியில் மொத்த உரிமையும் சுமார் 2,300 டாலருக்கு ஆசா கேண்ட்லர் கைக்குப் போனது.

1888 ஆகஸ்ட் 16-ல், 57 வயதில் வயிற்றுப் புற்றுநோயால் பெம்பர்டன் இறந்தார். மார்ஃபின் பழக்கம் கடைசிவரை விடவில்லை. போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்த ஒரே மகன் சார்லியும் 1894-ல் இறந்தார்.

எங்கே தவறு நடந்தது?

பெம்பர்டன் தேடியது சரியான விஷயத்தைத்தான். ஆனால் கோகைன் அந்த வலியையும் தீர்க்காது, மார்ஃபினை நிறுத்தும்போது வரும் உபாதையையும் தீர்க்காது. இன்னொரு பழக்கத்தைத்தான் சேர்க்கும். அதோடு அவரே நோயாளி, அவரே வைத்தியர். அளவைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை.

இன்றைய சிகிச்சை எப்படி?

1960-களில் நியூயார்க்கில் மெத்தடோன் சிகிச்சை தொடங்கியது. 2002-ல் புப்ரினார்ஃபினை இதற்காக அமெரிக்கா அனுமதித்தது. இவையும் ஓபியாய்டு வகைதான். அப்போ என்ன வித்தியாசம்? சரியான அளவில் கொடுத்தால் இவை நீண்ட நேரம் வேலை செய்யும். போதை ஏற்றாமல் ஏக்கத்தையும் உபாதையையும் அடக்கும். அதுவும் மருத்துவர் கண்காணிப்பில்.

போதைப் பழக்கத்துக்கு மட்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். வலி நிவாரணம் சுமார் 6 முதல் 8 மணி நேரம்தான் நிற்கும். அதனால் வலியும் இருப்பவர்களுக்கு, அன்றைய அளவையே 3 அல்லது 4 வேளையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். கூடவே பிசியோதெரபி, நரம்பு வலிக்கான மருந்து, மனநல ஆலோசனை.

முக்கியமாக, வலியைக் கவனிக்காமல் பழக்கத்தை மட்டும் நிறுத்தச் சொன்னால், அந்த வலியே திரும்ப மருந்தைத் தேட வைக்கும். கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்று உயிரே போகலாம்.

வீட்டில் யாராவது இந்த நிலையில் இருந்தால், திட்டி நிறுத்தவோ தாங்களாக மருந்தை மாற்றவோ வேண்டாம். வலி, பழக்கம் இரண்டையும் மறைக்காமல் ஒரே மருத்துவரிடம் சொல்லுங்கள். பெம்பர்டன் காலத்தில் கிடைக்காத சிகிச்சை இன்றைக்கு இருக்கு.