சென்னையில் கண்ட கனவு

1893-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவாமி விவேகானந்தர் சென்னை சாந்தோமில், மன்மதநாத பட்டாசாரியரின் இல்லத்தில் தங்கியிருந்தார். அந்நாட்களில் ஓரிரவு, கல்கத்தாவில் தம் அன்னை புவனேசுவரி தேவி இறந்துவிட்டதாக அவர் கனவு கண்டார்.

துறவிக்கு ஏது தாய் என்று கேட்போர் உண்டு. சுவாமிஜியின் உள்ளமோ நிலைகொள்ளாமல் தவித்தது. 1884 பிப்ரவரியில் தந்தை விசுவநாத தத்தர் மறைந்த செய்தி, வராகநகரில் நண்பர்களுடன் இருந்த அவரை நள்ளிரவில் எதிர்பாராது வந்தடைந்தது. மரணம் முன்னறிவிப்பின்றி வரும் என்பதை அவர் நூல்களிலிருந்து மட்டும் கற்கவில்லை. அன்னைக்கோ அந்நாட்களில் அவர் கடிதம்கூட எழுதுவதில்லை.

மன்மதநாதர் கல்கத்தாவிற்குத் தந்தி அனுப்பினார். இதற்கிடையே, மறைபொருளை உரைப்பவர் எனப் பெயர்பெற்ற ஒருவரைக் காண, நகருக்கு வெளியே நெடுந்தொலைவு சுவாமிஜியை அழைத்துச் சென்றனர். அளசிங்கரும் உடன் சென்றார். அன்னை நலம், தாங்கள் விரைவில் தொலைதூர நாடு செல்வீர்கள் என்று அம்மனிதர் கூறினார். பின்னர் வந்த தந்தியும் அன்னை நலமென்றே தெரிவித்தது. (இத்தகைய ஆற்றல்களைச் சுவாமிஜி ஆன்மீகமாக ஒருபோதும் கருதியதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.) மே 31 அன்று அவர் பம்பாயிலிருந்து கப்பலேறினார்.

கனவு பொய்த்தது. ஆனால் 1900-இல் எகிப்தில் இருந்தபோது, சேவியருக்கு ஏதோ நேர்ந்துவிட்டதென அவருள் எழுந்த உணர்வு பொய்க்கவில்லை. சேவியர் அக்டோபர் 28 அன்றே மாயாவதியில் உடல் நீத்திருந்தார். டிசம்பரில் பேலூர் திரும்பிய பின்னரே சுவாமிஜி அதனை அறிந்தார்.

1901-இல் அன்னையைக் காமாக்யா முதலிய தலங்களுக்கு அழைத்துச் சென்று அவரது நெடுநாள் ஏக்கத்தைத் தீர்த்தார். அடுத்த ஆண்டு ஜூன் இறுதியில் பஞ்சாங்கத்தை வரவழைத்துச் சில நாட்களை உற்றுநோக்கினார். ஏன் என்பது அப்போது எவருக்கும் விளங்கவில்லை. 1902 ஜூலை 4 அன்று பிற்பகலில் பிரம்மசாரிகளுக்கு ஏறத்தாழ மூன்று மணிநேரம் சமஸ்கிருத இலக்கணம் கற்பித்தார். இரவு ஒன்பது மணியளவில் மகாசமாதி அடைந்தார். அப்போது அவருக்கு வயது 39. அன்றிரவு சென்னையில் இருந்த ராமகிருஷ்ணானந்தர், தாம் உடலை உதறிவிட்டதாகத் தெரிவிக்கும் சுவாமிஜியின் குரலைக் கேட்டார்.

மறுநாள் பேலூரில் மகனின் உடலருகே அமர்ந்து அழுதவர் புவனேசுவரி தேவி. சென்னைக் கனவில் மாண்ட அந்த அன்னை, அதன் பின்னரும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1911 ஜூலை 25 அன்று கல்கத்தாவில் மறைந்தார்.